நாலாம் ஃபீடரின் சிவப்பு டேப்

மஞ்சள் பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

ஆரோக்கிய ஜெனித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிறிதாக்கிப் பார்த்தாள். கோப்பை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தாள். படத்தின் நான்காம் பக்கத்தில், வலது ஓரமாக, ஒரு கோட்டின் குறுக்கே, தீப்பெட்டி அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. உள்ளே ‘சோதனைத் தடை’ என்று எழுதியிருந்தது. எழுதியவள் அவள்தான்.

விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மூன்று மேசை, இரண்டு கணினி, ஒரு மின்விசிறி. மின் நிலையங்களில் இருக்கும் ரிலேக்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது அவர்கள் தொழில். ரிலே என்பது கம்பியில் கோளாறு வந்தால் கண்டுபிடித்து, பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சை அணைக்கச் சொல்லும் கருவி. முன்பெல்லாம் இதற்கு ஒயர் ஒயராக இணைக்க வேண்டும். இப்போது திரையில் படம் வரைந்தால் போதும். மின்சாரத்தை அளக்க ஒரு பெட்டி, நேரத்தை எண்ண ஒரு பெட்டி, கடைசியில் ‘அணை’ என்று ஒரு பெட்டி. சுட்டியால் இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்து, கேபிள் வழியாக ரிலேக்கு அனுப்ப வேண்டும். வரைந்தபடி அது நடந்துகொள்ளும். வரையாதது அதற்குத் தெரியாது.

ஜெனித் பி.எஸ்சி. இயற்பியல். கோடுகளைக் கோணலில்லாமல் போடுகிறாள் என்பதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு அவளை வேலைக்கு எடுத்தார்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால், பேச வேண்டியதை முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துவாள்.

இப்போது அவள் எழுதவில்லை.

அந்த மஞ்சள் பெட்டி சோதனைக்கு மட்டும் போடுவது. கம்பி அறுந்து தரையைத் தொட்ட மாதிரி ரிலேயை ஏமாற்றி, அது சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் பிரேக்கர் அணைந்தால் பத்துப் பன்னிரண்டு ஊருக்குக் கரண்டு போகும். அதனால் கடைசிக் கோட்டின் குறுக்கே ஒரு தடையைப் போட்டுவிடுவார்கள். ரிலே பார்க்கும், எண்ணும், விளக்கைக்கூட எரியவிடும். ஆனால் ‘அணை’ என்ற சொல் மட்டும் பிரேக்கருக்குப் போய்ச் சேராது. சோதனை முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டு, படத்தை மறுபடி அனுப்ப வேண்டும்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு மின் நிலையத்தில், நாலாம் ஃபீடர் என்று அழைக்கப்பட்ட லைனுக்கு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஆறு நாள் ஆகிவிட்டது.

திரையில் இருப்பது பழைய நகலாக இருக்கலாம். அவளுடைய சார், இன்ஜினியர் ஸ்டீபன்ராஜ், தன் லேப்டாப்பிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அன்று சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ரிலேயின் முகத்தில் சிவப்பு டேப் இல்லையே.

அதுதான் அவர்கள் வழக்கம். மஞ்சள் பெட்டியைப் போடுகிறவர் ரிலேயின் மேல் ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்ட வேண்டும். பெட்டியை எடுக்கிறவர் டேப்பைப் பிய்க்க வேண்டும். ஏட்டில் எழுதுவது, கையெழுத்து வாங்குவது எதுவும் கிடையாது. டேப் இருந்தால் பெட்டி இருக்கிறது, டேப் இல்லையென்றால் பெட்டி இல்லை. “பேப்பர எவன் படிக்கறான்? டேப்புன்னா கண்ணுல பட்டுனு படும்” என்பார் ஸ்டீபன்ராஜ்.

அவருக்குப் போன் செய்தாள். மச்சினி கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தார்.

“இன்னா ஜெனித்து, அதிசயமா நீயே போன் பண்ற? மழதான் வரும் போ.”

“சார், நாலாம் ஃபீடர் ஃபைல்ல மஞ்சள் பெட்டி இருக்குது சார்.”

“அது பழைய காப்பியா இருக்கும் மா. பெட்டிய எடுத்துட்டு ஒண்ணு அனுப்பன இல்ல, அதத் தெற.”

“நான் எடுக்கல சார். நீங்க எடுத்தீங்கன்னு நெனச்சேன்.”

“நான் எங்க எடுத்தேன்? வெளிய நின்னு பேசிக்கினு இருந்தேன். உள்ள வந்தா டேப்பு இல்ல. நீதான பிச்ச?”

“இல்ல சார்.”

பின்னால் கல்யாணத்து பேண்டு வாத்தியம் கேட்டது.

“அப்ப யாரு பிச்சா?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜெனித்துக்கு ஒரு மணம் வந்தது. சந்தன மணம். சாப்பிட்டுவிட்டு வந்தபோது அந்த அறை முழுக்க அந்த மணம்தான். மறுநாள் பூஜைக்காக கருவிகள் பொருத்திய பேனல்கள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்திருந்தார்கள். நாலாம் ஃபீடர் ரிலேக்கும் பொட்டு இருந்தது. டேப் இருந்த இடத்தில், நட்ட நடுவில்.

“சார், பூஜைக்கு பேனலத் தொடச்சாங்க சார்.”

ஸ்டீபன்ராஜின் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்து தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது. வாத்தியச் சத்தம் குறைந்தது. பேசியபோது குரலும் குறைந்திருந்தது.

“இத பாரு. நாளைக்குக் காலைல நானே நேரா போயி ஏத்திடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத. ஆறு நாளா ஒண்ணும் ஆவல. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?”

“இங்க காத்து அடிக்குது சார்.”

“ரிப்போர்ட்ல கையெழுத்து என்னுது மா. உன்னுது இல்ல. எனக்கு ரெண்டு பசங்க இருக்குதுங்க. பேஜாரு பண்ணாத. புரியுதா?”

வைத்துவிட்டார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர். அவர் குரல் நடுங்கி அவள் கேட்டதில்லை.

மின்சாரம் வரும் பக்கத்தில், மேலே, இன்னொரு ரிலே இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். கம்பியோடு கம்பி உரசினால் அது பார்த்துக்கொள்ளும். அறுந்த கம்பி மண்ணில் கிடந்தால் ஓடும் மின்சாரம் குறைவு. மேலே இருப்பதற்கு அது ஒரு மோட்டார் ஓடுவதுபோலத்தான் தெரியும். அதற்காகத்தான் கீழே இந்த ரிலே. பதினோராயிரம் வோல்ட் கம்பி தரையில் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

நாலாம் ஃபீடர் அவள் ஊருக்குப் போகும் லைன். பிரம்மதேசம் சாலையில் போய், காலனியைத் தாண்டி, மாதா கோயில் பின்பக்கமாகக் கொல்லை வயல்களின் மேல் போகிறது. அந்தக் கொல்லைகளில் இந்த வாரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிறார்கள். அவள் அம்மா லூர்துசெல்வி அந்த வேலைக்குத்தான் காலையில் போனாள்.

அம்மாவை அழைத்தாள்.

“இன்னாடி, வேல நேரத்துல?”

“எங்கம்மா இருக்க?”

“எங்க இருப்பேன், செல்வகுமார் கொல்லையில மல்லாட்ட பிடுங்கிக்கினு இருக்கேன். மழ வர்றதுக்குள்ள மூட்டையாக்கணும்னு மனுசன் எங்கள ஓட ஓட வெரட்டறாரு.”

“வூட்டுக்குப் போயிடும்மா.”

“ஏண்டி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“இல்லம்மா. காத்து அடிக்குது. மேல லைன் கம்பி போவுதில்ல.”

லூர்துசெல்வி சிரித்தாள். “கம்பி இன்னிக்கா போவுது? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்க்கினு இருக்குது. வுழுந்தா கரண்டு தானா நின்னுடப் போவுது. நீதான அந்த வேல பாக்கற?” பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: “எம் பொண்ணு விழுப்புரத்துல ஒக்காந்துக்கினு இங்க அடிக்கற காத்துக்கு பயப்படறா.” பெண்கள் சிரித்தார்கள். அம்மாவோடு எப்போதும் வேலைக்குப் போகும் கெங்கம்மாளின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? பெட்டியிலிருந்தா, டேப்பிலிருந்தா?

“சரிம்மா” என்றாள்.

போனை வைத்தாள்.

துண்டுத் தாளை எடுத்தாள். மூன்று வரி எழுதினாள். மின் நிலையத்து எண்ணை அழுத்தினாள். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினாள். காற்று அடிக்கும் நாளில் ஊர் ஊராக அங்கே போன் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான்காம் முறையும் அப்படியே. லேப்டாப்பையும் கேபிளையும் பைக்குள் போட்டாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றான் அடுத்த மேசை கோபி.

“திண்டிவனம்.”

“சார் சொன்னாரா?”

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வடகிழக்கே வானம் கறுத்து, சாலையோரத்துப் புளிய மரங்கள் ஒரே பக்கமாக வளைந்து வளைந்து நிமிர்ந்தன. ஒவ்வொரு மின்கம்பத்தையும் அவள் கண் எண்ணியது. அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. கூட்டேரிப்பட்டு வந்தபோது மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் சாய்வாக விழுந்தன. அப்போதுதான் மின் நிலையம் எடுத்தது.

“யாரு?”

அங்கே பகல் பொறுப்பில் இருக்கும் காந்திமதி. அன்று சோதனைக்குப் போனபோது இவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்.

ஜெனித் தாளைப் பார்த்தாள். “வணக்கம் மேடம். நான் ஆரோக்கிய ஜெனித் பேசறேன். விழுப்புரத்திலேர்ந்து...”

“அட, படம் வரையற பாப்பாவா? இன்னா சொல்லு ஜல்தி, போனு மேல போனு வருது. ஆங், ஒண்ணு சொல்லணும் பாப்பா. உங்க ரிலே சூப்பர். எப்பவும் காத்து அடிச்சா நாலாம் ஃபீடர் நாலு தபாவாச்சும் வுழும். நீங்க வந்துட்டுப் போனதிலேர்ந்து ஒரு தபா கூட வுழல. நான் பொட்டு வெச்ச நேரம்னு சொல்லிக்கினு இருக்கேன்.”

விழுவது என்றால் பிரேக்கர் தானாக அணைவது. ஆறு நாள். இத்தனை காற்று. ஒரு முறைகூட விழவில்லை. எங்கோ தவறாகப் பார்த்திருக்கலாம் என்று நெஞ்சின் ஓரத்தில் வைத்திருந்த நம்பிக்கை அந்த இடத்தில் தீர்ந்தது.

“மேடம், நாலாம் ஃபீடர ஆஃப் பண்ணணும்.”

“யாரு சொன்னா? எங்க இஞ்சினியர் ஏ.இ. சொன்னாரா?”

“இல்ல மேடம்.”

“பின்ன? வெளையாடறியா? ஆஃப் பண்ணா ரைஸ்மில்லுக்காரரு நேரா இங்க வந்து நிப்பாரு. யாரு பதில் சொல்றது, நீயா?”

தாளில் மிச்சமிருந்த இரண்டு வரியும் எதற்கும் உதவாது என்று தெரிந்தது.

“அந்த ரிலே வேல செய்யல மேடம்!”

அவ்வளவு சத்தமாக அவள் இதுவரை பேசியதில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேருந்தே அவளைப் பார்த்தது.

“நான்தான் தப்பு பண்ணிட்டேன். டெஸ்டுக்காக ஆஃப் பண்ற கோட்ட அடச்சி வெச்சேன். அத எடுக்காம வந்துட்டேன். கம்பி அறுந்து வுழுந்தாலும் அது ஆஃப் ஆவாது மேடம். அதான் வுழல.”

தாளைப் பைக்குள் திணித்துவிட்டுக் கேட்டாள்.

“அது மேல ஒரு செவப்பு டேப்பு இருந்துதே மேடம்.”

“இருந்துது.” காந்திமதியின் குரல் சின்னதாகிவிட்டது. “நான்தான் பிச்சேன். பொட்டு வெக்க எடஞ்சலா இருந்துது. ஏதோ குப்பன்னு...”

“ரிலேல வெளக்கு எரியுதா பாருங்க.”

நாற்காலி தள்ளும் சத்தம். செருப்புச் சத்தம்.

“பச்ச எரியுது. அதுக்குக் கீழ ஆரஞ்சு ஒண்ணு எரியுது.”

“எப்பலேர்ந்து?”

“தெரில பாப்பா. சித்த முன்னாடி பாத்தேன். புது மிஷின், எரியும் போலன்னு நெனச்சேன்.”

அந்த ஆரஞ்சு விளக்கையும் ஜெனித்தான் வரைந்தாள். மூன்றாம் பக்கம். தரையில் மின்சாரம் கசிவதை ரிலே பார்த்துவிட்டால் எரிய வேண்டும் என்று. பார்த்துவிட்டது. பார்த்து, எண்ணி, அணை என்று கத்திக்கொண்டிருக்கிறது. அவள் போட்ட மஞ்சள் பெட்டி அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

“மேடம், கம்பி கீழ கெடக்குது. பேனல்ல இருக்கற நாலாம் ஃபீடர் கைப்பிடியத் திருப்புங்க. இப்பவே திருப்புங்க.”

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தூரத்தில், சுவருக்கு அப்பால், கனமான கதவு ஒன்று அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம்.

“ஆஃப் பண்ணிட்டேன்” என்றார் காந்திமதி. “ஆரஞ்சும் நின்னுடுச்சு.”

“திருப்பிப் போட்டுப் பாக்காதீங்க மேடம்.”

அதுவும் அங்கே வழக்கம்தான். லைன் விழுந்தால் இரண்டு நிமிடம் பொறுத்து ஒரு முறை போட்டுப் பார்ப்பார்கள். காக்கையோ கிளையோ பட்டு விழுந்திருந்தால் இந்த முறை நிற்கும். உண்மையில் கம்பி அறுந்திருந்தால் மறுபடி விழும். விழுந்தால்தான் லைன்மேனை அனுப்புவார்கள்.

“இப்ப போட்டா வுழாது மேடம். நிக்கும். அதான் பயம்.”

“லைன்மேன் தொம்மைய லைனப் பாக்க அனுப்பறேன். நீ வா பாப்பா. சீக்கிரம் வா.”

பக்கத்து சீட்டுக்காரம்மா எதுவும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜெனித் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடியும். திண்டிவனம் வரும்வரை பதினோரு முறை.

பாலத்தடியில் இறங்கி ஆட்டோவில் ஏறியபோது, எங்கே என்று கேட்டார் ஆட்டோக்காரர். கொல்லை பன்னிரண்டு கிலோமீட்டர். மின் நிலையம் நான்கு. கொல்லைக்குப் போனால் அம்மாவைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான் முடியும். இங்கே யாராவது கைப்பிடியைத் திருப்பினால் அங்கே நின்று அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

“சப்ஸ்டேஷன்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அறைக்குள் நுழைந்தபோது காந்திமதி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேனல் முன்னால் நின்றிருந்தார். கை நாலாம் ஃபீடர் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தது.

“சார்... தகவல் வந்துது சார்... தொம்மை இன்னும் போன் பண்ணல சார்... மில்லுலேர்ந்து எனக்கும்தான் பேசனாங்க... சரிங்க சார், போட்டுப் பாக்கறேன்.”

ஜெனித் ஓடிப்போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பைகூடத் தோளில்தான் இருந்தது. மழைத் தண்ணீர் முடியிலிருந்து பேனல் மேல் சொட்டியது. காந்திமதி அவளைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில்.

“சார், அந்தப் பொண்ணு வந்துருக்குது. நீங்களே பேசுங்க” என்று போனை அவள் காதில் வைத்தார்.

“யாரு மா நீ?” என்றார் ஏ.இ. அவர் எங்கோ கூட்டத்தில் இருந்தார்.

“ரிலேக்கு படம் வரையறவ சார்.”

“இன்னா படிச்சிருக்க?”

“பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்.”

“ஃபிசிக்ஸா? இஞ்சினியர் எங்க? அவரு டெஸ்ட் பண்ணி ஓ.கே.ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே. அவரு போன எடுக்க மாட்டேங்கறாரு. நீ சொல்றன்னு பத்து ஊரு கரண்ட நிறுத்தி வெக்கணுமா?”

“போட்டா நிக்கும் சார்.”

“நிக்கறதுக்குத்தான் மா போடறோம்.”

“கம்பி கீழ கெடந்தாலும் நிக்கும் சார். எங்கம்மா அங்க மல்லாட்ட பிடுங்கறாங்க.”

அவர் பக்கத்தில் யாரிடமோ மணி கேட்டார். “அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள தொம்மை பேசலன்னா போட்டுடச் சொல்லு.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. சந்தனப் பொட்டு காய்ந்து விரிசல் விட்டிருந்தது. ஜெனித் கையை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனாலும் எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்றும் நினைத்தாள். இரண்டு நிமிடம் போனது. காந்திமதி மூக்கை முந்தானையால் துடைத்தார். மூன்று. மழை தகரக் கூரையில் கொட்டியது. நான்காவது நிமிடத்தில் மேசைமேல் இருந்த போன் அடித்தது. காந்திமதி ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், தொம்மை பேசறேன். லைன் ஆஃப்ல தான இருக்குது? நல்லா பாத்துச் சொல்லுங்க. கம்பி செல்வகுமார் கொல்லையில கெடக்குது. இந்தப் பொம்பளைங்க அத மிதிச்சிக்கினு மூட்ட தூக்கறாங்க. பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு.”

“ஆஃப்ல தான் தொம்மை” என்ற காந்திமதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆஃப்ல தான். அதுங்கள வெளிய வரச் சொல்லு.”

ஜெனித்தின் விரல்கள் கைப்பிடியை விட மறுத்தன. காந்திமதி எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

சிறிது நேரத்தில் அம்மாவே அழைத்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“எத்தினி தபாடி போன் பண்ணுவ? போன மோட்டார் ரூம்ல வெச்சிட்டேன். இங்க ஒரே கூத்து. கம்பி டமால்னு வுழுந்துது, பத்தடி தள்ளி. எல்லாரும் ஓடியாந்து வரப்பு மேல நின்னுக்கினோம். எப்பவும் கம்பி வுழுந்தா மோட்டார் ரூம் பல்பு நின்னுடும். நின்னா கரண்டு இல்லன்னு போவோம். இன்னிக்கு அந்த சனியன் நிக்கவே இல்ல. மங்கலா செவந்து எரிஞ்சிக்கினே இருக்குது. செல்வகுமாரு நாய் மட்டும் உள்ள ஓடிச்சு. துடிச்சி வுழுந்துடுச்சுடி. கெங்கம்மா அப்பவும் ‘வா லூர்து, மூட்ட நனையுது’ன்னா. நான்தான் கையப் புடிச்சி நிறுத்தனேன்.”

“ஏம்மா நிறுத்தன?”

“காலைல நீ போன் பண்ண இல்ல. ஏதோ சொல்ல வந்த, சொல்லல. அது மனசுலயே கெடந்துது. அப்புறம் பல்பு நின்னுது. அப்பதான் போனோம்.”

ஜெனித் சுவரில் சாய்ந்துகொண்டாள். பல்பு நின்றதும் போனார்கள். பல்பு நின்றதால் போனார்கள். அவர்கள் கம்பியை மிதித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இந்தக் கைப்பிடிக்கும் ஒரு கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

கேபிளை மாட்டினாள். நான்காம் பக்கம். மஞ்சள் பெட்டியைத் தொட்டு, நீக்கினாள். அறுபட்ட கோட்டின் இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்தாள். அனுப்பினாள். ரிலேக்குள் இருப்பதைத் திரும்ப லேப்டாப்புக்கு வரவழைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே பார்த்தாள். சோதனை செய்தாள். இந்த முறை ஆரஞ்சு விளக்கு எரிந்ததுமே சிவப்பும் எரிந்தது. அணைக்கும் உத்தரவு பிரேக்கர்வரை போனது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் போனது.

பிறகு லாக் புக்கைக் கேட்டாள். காந்திமதி தயங்கினார்.

“எழுதியே ஆவணுமா பாப்பா? இன்னும் உன் வயசு...”

“எழுதணும் மேடம்.”

காந்திமதி பேனாவைக் கொடுத்துவிட்டு, “டேப்ப நான் பிச்சதையும் எழுது” என்றார். “பாதி எழுதனா அதுவும் ஒரு மாதிரி பொய்தான்.”

எழுதினாள். நேரம், லைன், சோதனைத் தடை நீக்கப்படாதது, டேப் பிய்க்கப்பட்டது, நாய். கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள். அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. ஸ்டீபன்ராஜ். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ.

மூன்றரை மணிக்கு மழை விட்டது. நாலேகாலுக்குத் தொம்மை, கம்பி கட்டியாகிவிட்டது, ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள், போடலாம் என்றான். ஏ.இ.யும் போடச் சொன்னார்.

“போடட்டுமா?” என்று காந்திமதி ஜெனித்தைக் கேட்டார்.

“ஒரு நிமிஷம் மேடம்.” அம்மாவை அழைத்தாள். “எங்கம்மா இருக்கீங்க?”

“ரோட்டுக்கு வந்துட்டோம். எல்லாரும்தான்.”

“எண்ணிச் சொல்லும்மா.”

“இன்னாடி உனக்கு இன்னிக்கு...” என்று ஆரம்பித்த லூர்துசெல்வி என்ன நினைத்தாளோ, எண்ணினாள். “பதினாலு. காலைல வந்ததும் பதினாலுதான்.”

ஜெனித் தலையசைத்தாள். காந்திமதி கைப்பிடியைத் திருப்பினார். சுவருக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஆரஞ்சு எரியவில்லை. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

“பல்பு எரியுதுடி” என்றாள் அம்மா போனில். “ரோட்டுலேர்ந்தே பளிச்சுன்னு தெரியுது.”

ஜெனித் கேபிளைக் கழற்றிச் சுருட்டினாள். இனிமேல் காற்று அடிக்கும்போதெல்லாம் அந்த ஆரஞ்சு விளக்கு நினைவுக்கு வரும் என்று தோன்றியது. போன் மறுபடி அதிர்ந்தது. ஸ்டீபன்ராஜ். பையில் துண்டுத் தாள் இருந்தது, பேனாவும் கையில் இருந்தது. அவள் எதையும் எழுதிக்கொள்ளாமல் எடுத்தாள்.

“சொல்லுங்க சார்” என்றாள்.